தனியா இருக்கப் பிடிக்குதா? அது குணமா, மனநோயா? ஒரே ஒரு கேள்வியில் இருக்கும் வித்தியாசம்!

வெள்ளிக்கிழமை காலை ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தை நடக்கும் நேரம். ஆடு ஓட்டிவந்தவர்கள், விலை பேசுபவர்கள், டீக்கடை வாசலில் நிற்பவர்கள் என்று ஊரே ரோட்டில் இருக்கும். அந்த நாளிலும் ரூமை விட்டு வெளியே வராத ஒரு பையன் இருந்தால் தெருவில் என்ன சொல்வார்கள்? "அவன் ஒரு மாதிரிப்பா."

இந்த "ஒரு மாதிரி" என்ற வார்த்தையில்தான் பிரச்னையே இருக்கிறது. அது பெண் பார்க்கப் போகும் வீட்டுக்கு முன்கூட்டியே போய்ச் சேரும். மந்திரிக்கக் கூட்டிப் போகும். சில நேரம் உண்மையிலேயே சிகிச்சை தேவைப்படும் ஒருவரை "அவன் அப்படித்தான், விடு" என்று வருஷக்கணக்கில் அப்படியே விட்டுவிடவும் செய்யும்.

மூன்று பேரை வைத்துப் பார்க்கலாம். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியவர்கள்தான். ஒருவர், சின்ன வயசிலிருந்தே கூட்டம் பிடிக்காத பையன். புத்தகம், ஃபோன், ஒரே ஒரு நண்பன் இருந்தால் போதும். இரண்டாவது, மாதனூர், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு பஸ் ஏறிப் போகும் பெண். நாள் முழுக்க தையல் மெஷின் சத்தம், சூப்பர்வைசர் குரல், நூற்றுக்கணக்கான ஆட்கள். வீடு திரும்பினால் யாரிடமும் பேசத் தோன்றாது. மூன்றாவது, போன வருஷம் வரை கிரிக்கெட், நண்பர்கள் என்று சுற்றிக்கொண்டிருந்த காலேஜ் பையன். ஆறேழு மாசமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பேரும் செய்வது ஒன்றுதான். ஆனால் முதல் ஆளுக்கு இருப்பது குணம், இரண்டாவது ஆளுக்கு இருப்பது அசதி. மூன்றாவது ஆளை டாக்டர் பார்த்தாக வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது?

தனிமை என்ற சொல்லிலேயே குழப்பம்

தமிழில் தனிமை என்றால் இரண்டு அர்த்தம் வருகிறது. விரும்பித் தனியாக இருப்பதும் தனிமைதான், ஆள் இல்லையே என்று ஏங்குவதும் தனிமைதான். ஆனால் இரண்டும் வேறு வேறு. கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு "நமக்குன்னு யாருமே இல்லையே" என்று நினைப்பவர் தனிமையால் தவிக்கிறார். மொட்டைமாடியில் தனியாகப் படுத்து வானத்தைப் பார்ப்பவர் தவிக்கவில்லை, ரசிக்கிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்றது. அதில் சொல்லப்படுவது ஏங்கும் தனிமை. செய்தித் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "பாத்தியா, தனியா இருந்தா உடம்புக்கு ஆகாதாம்" என்று வீட்டில் அமைதியாகப் புத்தகம் படிக்கும் மகளைத் திட்டத் தேவையில்லை.

இன்ட்ரோவெர்ட் என்பது நோயின் பெயர் இல்லை

ரீல்ஸில் "நான் இன்ட்ரோவெர்ட் ப்ரோ" என்பது இப்போது சகஜமான வசனம். இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யூங். 1921-ல் வெளியான தன் நூலில், சிலரின் கவனம் உள்நோக்கியும் சிலரின் கவனம் வெளியுலகை நோக்கியும் போகிறது என்று பிரித்தார். இரண்டுமே இயல்பான மனித குணங்கள் என்பதுதான் அவர் சொன்னது. இன்றைய உளவியலிலும் இது உயரம் மாதிரிதான். சிலர் குட்டை, சிலர் நெட்டை, பெரும்பாலானோர் நடுவில். குட்டையாக இருப்பது நோய் இல்லையே.

சொல்லப்போனால், தனியாக இருக்கத் தெரிவது ஒரு திறமை. பிரிட்டனின் குழந்தை மனநல நிபுணர் டொனால்ட் வினிகாட் 1958-ல் எழுதிய கட்டுரையில், தனியாக இருக்க முடிவதை மனம் முதிர்ந்ததன் அடையாளமாகச் சொன்னார். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே தன்பாட்டுக்கு விளையாடப் பழகும் குழந்தைக்குத்தான் பின்னாளில் அது கைவரும் என்பது அவர் கருத்து.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2014-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் டிமோத்தி வில்சன் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். ஃபோன் இல்லை, புத்தகம் இல்லை, 15 நிமிஷம் ஒரு அறையில் சும்மா உட்கார வேண்டும். பக்கத்தில் ஒரு பட்டன், அழுத்தினால் லேசான ஷாக் அடிக்கும். அந்த ஷாக் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று முன்பே சொன்னவர்களில்கூட, ஆண்கள் 18 பேரில் 12 பேரும் பெண்கள் 24 பேரில் 6 பேரும் சும்மா இருக்க முடியாமல் பட்டனை அழுத்திவிட்டார்கள். தனியாக நிம்மதியாக இருப்பவரை "ஒரு மாதிரி" என்று சொல்பவர்கள் அந்த ரூமில் எத்தனை நிமிஷம் தாங்குவார்கள் என்று கேட்கலாம்.

கூச்சமும் இதுவும் ஒன்றில்லை. கூட்டத்துக்குப் போகப் பிடிக்கவில்லை என்பவர் வேறு. போக ஆசைதான், ஆனால் "எல்லாரும் என்னையே பாப்பாங்க, ஏதாவது சொல்லிடுவாங்க" என்று நெஞ்சு படபடத்து, கை வியர்த்து, திரும்பி வந்துவிடுபவர் வேறு. இரண்டாமவருக்கு இருப்பது சமூகப் பதற்றம் என்ற பிரச்னையாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. "பிடிக்கலையா, பயமா?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பெண்ணுக்கு எங்கே தனிமை?

இந்தப் பேச்சில் ஆண்களை மட்டும்தான் பெரும்பாலும் கவனிக்கிறோம். ஆணுக்குத் தனியாக இருக்கத் தோன்றினால் ஏரிக்கரை இருக்கிறது, பைக் இருக்கிறது. ஒன்றும் இல்லையென்றால் டீக்கடை பெஞ்சின் ஓரம் இருக்கிறது. ஒரே ரூம், ஒரு சமையல்கட்டு உள்ள வீட்டில் வாழும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? கம்பெனியிலிருந்து வந்து அரை மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் "இன்னா, மூஞ்சிய தூக்கி வெச்சினு கீறே?" என்ற கேள்வி வரும். அவள் கேட்பது ஓய்வு. நமக்குத் தெரிவது திமிர்.

இதிலேயே எதிர்ப்பக்கமும் உண்டு. பிரசவம் முடிந்த பெண் யாரோடும் பேசாமல், குழந்தையைக்கூடத் தூக்காமல், அழுதுகொண்டே படுத்திருந்தால் அதையும் "திமிர்", "சோம்பேறித்தனம்" என்ற கணக்கில்தான் சேர்க்கிறார்கள். அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம். இங்கே காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

டாக்டர்களின் புத்தகம் என்ன சொல்கிறது?

கூகுளில் தேடினால் 'ஸ்கிசாய்ட் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்' என்று ஒன்று வந்து பயமுறுத்தும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேட்டில் இருக்கும் ஆளுமைக் கோளாறு அது. அதற்கு ஏழு அடையாளங்கள் சொல்கிறார்கள். எப்போதும் தனியாகச் செய்யும் வேலைகளையே தேர்ந்தெடுப்பது அதில் ஒன்று மட்டும்தான். குடும்பம் உட்பட எந்த நெருக்கத்திலும் விருப்பமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருப்பது, பாராட்டினாலும் திட்டினாலும் ஒன்றும் தோன்றாமல் இருப்பது, எதிலுமே சந்தோஷம் வராமல் இருப்பது போன்றவையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏழில் குறைந்தது நான்காவது, வளரும் பருவம் முடியும் காலத்திலிருந்தே தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு நண்பனோடு மணிக்கணக்கில் சிரித்துப் பேசுகிறவனுக்கு இது பொருந்தாது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று. உலக சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்தும் தன் பட்டியலை மாற்றி, ஐ.சி.டி-11 என்ற பெயரில் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் 'ஸ்கிசாய்ட்' என்ற தனிக் கோளாறே கிடையாது, எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 'விலகியிருத்தல்' என்பதை ஒரு குணத்தன்மையாக வைத்திருக்கிறார்கள். அந்தக் குணம் மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது. முதலில் ஒருவரால் தன்னையும் தன் உறவுகளையும் சமாளிக்க முடியாத அளவுக்குக் கோளாறு இருக்கிறதா, அது இரண்டு வருஷம் மாதிரி நீண்ட காலமாக இருக்கிறதா, வேதனையோ வாழ்க்கையில் பெரிய பாதிப்போ தருகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் குணம் பற்றிய பேச்சு.

ஆக, தலைப்பில் உள்ள கேள்விக்கு இப்போதைய மருத்துவம் தரும் பதில்: தனிமையை விரும்புவது குணம். அது தானாக நோய் ஆகாது. ஆனால் சில நோய்கள் தனிமையின் முகமூடி போட்டுக்கொண்டு வரும்.

"எப்போதிலிருந்து?"

முகமூடியைக் கழற்றும் கேள்வி இதுதான். "எவ்வளவு நேரம் தனியா இருக்கான்?" என்று கேட்பதைவிட "எப்போதிலிருந்து இப்படி இருக்கான்?" என்று கேளுங்கள்.

மூன்று வயசிலும் அப்படி, பத்து வயசிலும் அப்படி, இருபதிலும் அப்படி என்றால் பெரும்பாலும் குணம்தான். (சிறு வயசிலிருந்தே பேச்சு, கண் பார்த்துப் பழகுவது, சத்தம் தாங்குவது இவற்றிலும் வித்தியாசம் இருந்தால் ஆட்டிசமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். அதுவும் யாரும் குற்றம் செய்ததால் வருவதில்லை.) ஆனால் நன்றாகப் பழகிக்கொண்டிருந்தவர் மாறியிருந்தால் அது வேறு கதை.

மனச்சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்கும். ஆண்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே. காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகப்படுவது இதெல்லாம்தான் நமக்குத் தெரிந்த அறிகுறி. ஆனால் பலருக்கு அதற்கு மாசக்கணக்கில் முன்பே ஒதுங்கல் தொடங்கிவிடும். நண்பர்களைத் தவிர்ப்பான், மார்க் குறையும், ராத்திரி தூங்க மாட்டான், குளிக்க மாட்டான், அதே சட்டையை நாலு நாள் போடுவான், தனக்குத்தானே சிரிப்பான், முகத்தில் உணர்ச்சியே இருக்காது. இந்தக் கட்டத்தில்தான் வீட்டில் "காதல் தோல்வி போல", "ஃபோன் பாத்து கெட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பதால் இந்த மாசங்கள் விலை மதிப்பில்லாதவை.

மனச்சோர்வில் அடையாளம் வேறு. அங்கே தனிமைகூட இனிக்காது. இயல்பாகத் தனிமை விரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு பாட்டு கேட்பார், படம் வரைவார், வெளியே வரும்போது தெம்பாக இருப்பார். மனச்சோர்வில் இருப்பவர் கதவைச் சாத்திக்கொண்டு எதுவுமே செய்ய மாட்டார். முன்பு பிடித்த பாட்டும் பிடிக்காது, சாப்பாடும் பிடிக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் கவனிக்க வேண்டும். "நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டில் தாத்தா பாட்டி பேச்சைக் குறைத்துக்கொண்டாலும் இதே கேள்விதான். "வயசாயிடுச்சு, ஒதுங்கிட்டாரு" என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் காரணம் காது. சரியாகக் கேட்காததால், திரும்பத் திரும்ப "என்ன, என்ன" என்று கேட்க வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள். காது பரிசோதனை செய்து மெஷின் வைத்தால் மறுபடியும் திண்ணைக்கு வந்து உட்காருவார்கள். மறதியும் சேர்ந்திருந்தால் அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

ஜப்பானில் ஆறு மாசத்துக்கு மேல் வீட்டை விட்டே வராமல், படிப்பு, வேலை எல்லாவற்றையும் விட்டுவிடும் நிலைக்கு 'ஹிக்கிகொமோரி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டு அரசு 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டில் இப்படி சுமார் 14.6 லட்சம் பேர் இருந்தார்கள். நம்ம ஊரில் ஒரே ரூமில் ஆறு பேர் இருக்கும்போது அந்த அளவுக்கு ஒதுங்க இடமே கிடையாது. அதனால் நம் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிய மாட்டார்கள், போர்வைக்குள்ளும் ஃபோனுக்குள்ளும் ஒளிவார்கள்.

திருவண்ணாமலைக்கு வந்த 16 வயசு பையன்

இந்தக் கேள்வியின் மிகக் கஷ்டமான உதாரணம் நமக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. 1896 ஆகஸ்ட் 29-ம் தேதி மதுரையில் படித்துக்கொண்டிருந்த 16 வயசு வேங்கடராமன், ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். கோயிலின் பாதாள லிங்கச் சன்னதியில் உட்கார்ந்தவருக்குப் பூச்சிகள் கடித்துத் தொடை புண்ணானதுகூடத் தெரியவில்லை. பேச்சு இல்லை. மற்றவர்கள்தான் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1898-ல் அம்மா அழகம்மாள் தேடிவந்து, வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் அழுது கேட்டும் அவர் போகவில்லை. அவர்தான் ரமண மகரிஷி.

இன்று நம் வீட்டுப் பையன் இப்படிச் செய்தால் என்ன செய்வோம்? டாக்டரிடம்தான் கூட்டிப் போவோம், போகவும் வேண்டும். சாப்பாடு, உடம்பு, பேச்சு எல்லாம் நின்றுபோவது அந்த வயசில் ஆபத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். மகான் ஆகப்போகிறானா என்று காத்திருப்பது பெற்றோர் வேலை இல்லை.

ஆனால் அவர் வாழ்க்கையின் மீதியையும் பாருங்கள். 1916-ல் அம்மா அவரோடு வந்து தங்கினார், 1922-ல் மகனின் பக்கத்திலேயே உயிர்விட்டார். பின்னாளில் அவர் விடியற்காலையில் ஆசிரமச் சமையல்கட்டில் காய் நறுக்கினார். வந்தவர்களோடு பேசினார், பசுவையும் குரங்கையும் கவனித்தார். அதாவது தனிமை அவருடைய உலகத்தை விரித்தது. நோயின் தனிமை மாசத்துக்கு மாசம் உலகத்தைச் சுருக்கிக்கொண்டே போகும். ஒரே நாளில் எடுத்த போட்டோவில் இந்த வித்தியாசம் தெரியாது. காலம் ஓட ஓடத்தான் தெரியும்.

"ஒரு கால்கட்டு போட்டா சரியாகிடும்"

எல்லா ஊரிலும் இருக்கும் மருந்து இது. இயல்பாகத் தனிமை விரும்பும் ஒருவருக்குக் கல்யாணம் நடந்தால் பிரச்னை இல்லை, துணைக்கு முன்கூட்டியே புரிய வைத்தால் போதும். ஆனால் நோயை மறைத்துக் கல்யாணம் செய்தால் இரண்டு குடும்பம் கெடும். மருந்து மறைக்கப்படும், தூக்கம் கெடும், நோய் திரும்பும், கடைசியில் கோர்ட்.

கோர்ட்டிலும் விஷயம் எளிதில்லை. இந்து திருமணச் சட்டப்படி மனநோய் விவாகரத்துக்குக் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் நோயின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு அது தீவிரமா என்று பார்க்க வேண்டும் என 1988-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"ஒரு மாதிரி" என்று பட்டம் கட்டுபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. அதன் 3-வது பிரிவு, ஊரில் நிலவும் சமூக, கலாச்சார, வேலை சார்ந்த வழக்கங்களுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. சந்தைக்கு வரவில்லை, விசேஷத்துக்கு வரவில்லை, கல்யாணம் வேண்டாம் என்கிறான் என்பதெல்லாம் நோய்க்கு ஆதாரம் இல்லை. அதே சட்டத்தின் 95-வது பிரிவு, மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது.

சங்கிலி என்று ஏன் சட்டத்திலேயே எழுத வேண்டிவந்தது? 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், கட்டணம் வாங்கி மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

வேலூரில் வேறு ஒரு வழி

அதற்கு நாற்பது வருஷத்துக்கும் முன்பே, 1957-ல், வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி-யின் மனநல மையம் தொடங்கப்பட்டது. அங்கே நோயாளியைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது, குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது வழக்கமானது. மனநோய் என்றாலே கொண்டுபோய் அடைத்துவிடுவது என்று இருந்த காலத்தில் அது பெரிய மாற்றம். தனிமையில் போய்விட்ட ஒருவரை இன்னொரு தனிமையில் அடைக்காமல், வீட்டு ஆளோடு சேர்த்தே குணப்படுத்தப் பார்க்கும் முறை இது.

வேலூர் டாக்டர்கள் மனச்சிதைவு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வுகளில், பலர் தங்கள் நோய்க்குச் செய்வினையோ கர்மாவோ காரணம் என்று நம்பியது தெரியவந்தது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை விடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். அங்கே போகிற வாரத்திலேயே டாக்டரிடமும் போங்கள், அவ்வளவுதான்.

2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வில், நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் வரை உரிய சிகிச்சை பெறாமல் இருந்தார்கள். இத்தனைக்கும் ஒடுகத்தூர்க்காரர்களுக்குப் பாகாயம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பல மாவட்டங்களைவிட இது நல்ல நிலை.

போகும் முன் ஒரு பேப்பரில் சில விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். எந்த மாசத்திலிருந்து மாற்றம், அதற்கு முன் எப்படி இருந்தார், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குளிக்கிறாரா, வேலைக்கோ காலேஜுக்கோ போவது எப்போது நின்றது, குடிப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. ஓ.பி-யில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் டாக்டருக்கு இந்தப் பேப்பர்தான் பெரிய உதவி.

"உனக்கு மெண்டலாயிடுச்சு, வா ஆஸ்பத்திரிக்கு" என்று கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். "ரெண்டு மாசமா நீ தூங்கவே இல்லையேப்பா, எனக்குக் கவலையா இருக்கு, ஒரு தடவை காட்டிட்டு வரலாமா?" என்று கேட்டால் வர வாய்ப்பு அதிகம். உடனே நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 'டெலி மானஸ்' 14416 என்ற இலவச எண்ணுக்கு 24 மணி நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 சேவையிலும் ஆலோசனை கிடைக்கும். சம்பந்தப்பட்டவர்தான் பேச வேண்டும் என்றில்லை. அம்மா அழைத்து, "என் பையன் ஆறு மாசமா ரூமை விட்டு வரல" என்று ஆரம்பித்தாலும் போதும்.